நிறைந்த தொட்டியும் வறண்ட குழாயும்

செந்தூலில் நான் நடத்திவரும் பட்டறைக்கு, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜின் இரைகிறது என்ற குறையோடு வரும் கார்களில் பலவற்றுக்கு உண்மையில் பழுதே இருக்காது. இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜின் சீக்கிரம் சூடேற வேண்டும், புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வேலை செய்யும் வெப்பத்தை எட்ட வேண்டும் என்பதற்காக, முதலில் சற்றுக் கூடுதலாகக் காற்றும் பெட்ரோலும் கொடுத்து நிமிடத்துக்கு 1,200 முதல் 1,500 சுற்று வரை ஓடவிடுவது தயாரிப்பாளரே செய்துவைத்த ஏற்பாடு. கோலாலம்பூரில் விடியற்காலைக் குளிர் என்பதே 23, 24 பாகை செல்சியஸ்தான் என்பதால், ஓரிரு நிமிடங்களில் மீட்டர் ஊசி 800க்குப் பக்கத்தில் வந்து அமர்ந்துவிட வேண்டும். அமராவிட்டால்தான் பானெட்டைத் திறக்க வேண்டும்.

ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை கொண்டுவந்த காரில் ஊசி அமரவில்லை. அது கேபிள் வைத்த திராட்டிலும் (பெடலை மிதித்தால் இன்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் கதவு) ஆட்டோ கியரும் கொண்ட பழைய கார். காலை ஆறரைக்கு ஸ்டார்ட் செய்ததும் 1,800இல் இரையும். சூடேறச் சூடேறக் குறைவதற்குப் பதிலாக 2,000த்தைத் தாண்டும். பிறகு 1,500க்கு விழுந்து மறுபடியும் எழும். கியரை டிரைவில் போட்டால் கார் முன்னால் பாய்வதாகவும், அடுக்குமாடிக் குடியிருப்பின் நெருக்கமான வாகன நிறுத்தத்தில் அதை எடுக்கவே பயமாக இருப்பதாகவும் சொன்னார்.

ஊசி அப்படி ஏறி இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பெடல் மிதிக்கப்படவில்லை, ஆனால் சுற்று மட்டும் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டால் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும்; சுற்று விழுந்ததும் மறுபடியும் திறந்துவிடும். ஆகவே எங்கோ ஒரு வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போகிறது என்பது எனக்கு உடனே புரிந்தது. எந்த வழி என்பதில்தான் இரண்டு நாள்களைத் தொலைத்தேன்.

காற்று உள்ளே போகும் பாதையின் இணைப்பை அடைக்கும் இன்டேக் கேஸ்கெட்டைச் சுற்றியும் ரப்பர் குழாய்களின் முனைகளிலும் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்த்தேன். கசிவு இருந்தால் அந்த இடத்தில் சுற்று மாறும், எங்கும் மாறவில்லை. திராட்டில் கதவு அமர்ந்திருக்கும் திராட்டில் பாடியில் படிந்திருந்த கரியைத் துடைத்தேன். இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரைக் கழற்றாமலே மீட்டரில் அளந்தேன். ஆறிய நிலையில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓம் இருந்தது, சூடேறியபின் 300க்கு வந்தது, அதுவும் சரி. ரேடியேட்டர் தண்ணீர்? ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியைக் குனிந்து பார்த்தேன். மேல் கோடு வரை நிறைந்திருந்தது. வெப்ப ஊசியும் நடுவில் நின்றது. தண்ணீரைப் பற்றி அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மிஞ்சியது திராட்டில் பாடிதான் என்று முடிவு கட்டி, பழைய கார்களின் உதிரிபாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து ஒன்றை 180 ரிங்கிட்டுக்கு வாங்கிவந்தேன். அதைப் பொருத்துவதற்காக, திராட்டில் பாடிக்கு அடியில் வந்து சேரும் விரல் பருமனுள்ள இரண்டு தண்ணீர்க் குழாய்களைக் கழற்றியபோது, என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழக்கமாக அந்தக் குழாயை உருவியதும் கை நனைந்துவிடும். அன்று இரண்டு சொட்டு விழுந்ததோடு சரி.

“அண்ணே, தண்ணியே வரலையே?” என்றான்.

“நல்லதுதான், தரையத் துடைக்கிற வேலை மிச்சம்” என்று சொல்லிவிட்டு ஸ்குரூவைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். இரைச்சல் அப்படியே இருந்தது.

இந்த முறை காரை இரவு பட்டறையிலேயே வைத்துக்கொண்டு, விடிந்ததும் ஆறிய இன்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. ஊற்ற ஊற்ற ஒரு லிட்டருக்கும் மேல் குடித்தது. பக்கத்தில் தொட்டி நிறைந்தபடியே நின்றது. குற்றவாளி மூடிதான். சூட்டில் விரியும் தண்ணீரை மூடி தொட்டிக்குத் தள்ளிவிடும். ஆறும்போது அதன் நடுவில் உள்ள சிறு வால்வு திறந்து அதே தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். அந்த வால்வு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. குழாய்த் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிவந்தால் இப்படித்தான் ஆகும்.

தண்ணீர் குறைந்ததும், இருப்பதிலேயே உயரமான இடத்தில் இருந்த திராட்டில் பாடிக் குழாய்களில் காற்று நின்றுவிட்டது. அந்தக் காரின் திராட்டில் பாடிக்குள் மெழுகு அடைத்த ஒரு வால்வு உண்டு. ஆறியிருக்கும்போது மெழுகு சுருங்கிக் காற்று வழியைத் திறந்து வைக்கும், வெந்நீர் சுற்றி ஓடும்போது விரிந்து வழியை அடைக்கும். வெந்நீர் வராததால் மெழுகுக்கு இன்னும் விடிந்தபாடில்லை. கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சூடேறியது தெரிந்திருந்தும், அந்த வழியை மூட அதனால் முடியவில்லை. கையால் தொட்டிருந்தாலே தெரிந்திருக்கும்: மேல் ரேடியேட்டர் குழாய் பிடிக்க முடியாத சூட்டில் இருக்க, இந்த இரண்டு குழாய்களும் வெதுவெதுப்பாகவே இருந்தன.

முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் வாயைத் திறந்து வைத்தே ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை கூலண்ட் ஊற்றினோம். பையன் அந்தச் சின்னக் குழாயை விரலால் பிடித்தபடியே நின்றான். “சூடாகுதுண்ணே” என்று அவன் கையை எடுத்த சற்று நேரத்தில் ஊசி இறங்கத் தொடங்கி 800இல் நின்றது. காரில் முதலில் இருந்த திராட்டில் பாடியையே திரும்பப் பொருத்திப் பார்த்தேன். அதுவும் 800இல் நின்றது. புதிய மூடிக்கும் கூலண்டுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு 180 ரிங்கிட்டை ஆசிரியையிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பிறகு இந்தக் குறையோடு வரும் எந்தக் காரையும் முதல் நாள் மாலையே விட்டுப் போகச் சொல்கிறேன். மூடியை ஆறிய நிலையில்தான் திறக்க முடியும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே செந்தூல் எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கிறார்கள். அந்த ஆசிரியை மட்டும் முணுமுணுப்பதில்லை. சாவியைக் கொடுக்கும்போதே, “தொட்டியப் பாத்துட்டு விட்டுறாதீங்க, தம்பி” என்கிறார்.