காரமான நோட்டீஸ் எழுதாத வக்கீல்

குன்னூரில் குடும்ப வழக்குக்காக என்னைத் தேடி வருபவர்கள் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் முதலில் பேசுவது நோட்டீஸைப் பற்றித்தான். “நல்ல காரமாக ஒன்று விடுங்கள் வக்கீலம்மா, அந்த வீடே ஆடிப்போக வேண்டும்” என்பார்கள். துணைக்கு வந்த அண்ணனோ சித்தப்பாவோ பக்கத்தில் இருந்து தலையாட்டுவார். காரமாக எழுதத் தெரியாதவர் வக்கீலே இல்லை என்பது எங்கள் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தக் கணக்கில் நான் தேறமாட்டேன்.

இந்து திருமணச் சட்டத்தின்படி விவாகரத்து மனு போடும் முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. அனுப்புவது வழக்கம், அவ்வளவுதான். அனுப்பினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பதிவுத் தபால் ஹட்டி என்னும் படுகர் ஊருக்கோ, எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கோ போய்ச் சேர்கிறது. உள்ளே இருப்பது வக்கீல் ஆங்கிலம். வீட்டில் யாருக்கும் புரியாது. எதிர்வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார்கள். கணவனின் குடி, மனைவியின் நடத்தை, படுக்கையறைச் சங்கதி எல்லாம் இருட்டுவதற்குள் லயம் முழுக்கப் பரவிவிடுகிறது. அதன் பிறகு சமரசம் பேச எந்த முகத்தோடு வருவார்கள்?

அதனால் அனுப்பத்தான் வேண்டும் என்றால் தமிழில், ஒரே பக்கத்தில் அனுப்புகிறேன். நாங்கள் கேட்பது என்ன, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், பேச விரும்பினால் யாரை அழைக்கலாம். வசவு கிடையாது. கட்சிக்காரர் முகம் சுருங்கும். சுருங்கட்டும். சமவெளியில் ஒரு பெரிய நகரத்தில் பிரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் மறுபடி பார்க்காமலேயே வாழ்ந்துவிடலாம். இங்கே பெட்ஃபோர்டு பஸ் நிறுத்தத்தில் பார்ப்பார்கள், மார்க்கெட்டில் பார்ப்பார்கள், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் பார்ப்பார்கள். அந்த நோட்டீஸில் இருந்த வரிகளும் கூடவே வரும்.

என் முதல் சந்திப்பில் சட்டம் கடைசியில்தான் வரும். இன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள்? குழந்தைகள் திங்கட்கிழமை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள்? ரேஷன் கார்டு, ஆதார், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் யார் கையில்? இந்தக் கைபேசி எண் யார் பெயரில் இருக்கிறது, நான் அழைத்தால் யார் எடுப்பார்கள்? தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களை மதியம் எடை போடும் நேரத்தில்தான் நிம்மதியாகப் பிடிக்க முடியும். அந்த நேரத்தை என் குமாஸ்தா தன் நாட்குறிப்பில் தனியே எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கேள்விகளால் வழக்கின் முகமே மாறியதுண்டு. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.) ஒரு நிரந்தரத் தொழிலாளி, அடி தாங்க முடியாமல் இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஜீவனாம்சம் கேட்டு வந்தார். லயத்து வீடு யார் பெயரில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். “என் பெயரில்தான் மேடம்” என்றார், ஏதோ சம்பந்தமில்லாத விஷயம் போல. எஸ்டேட்டில் வேலை பார்ப்பது அவர். கணவர் வெளியே கூலிக்குப் போகிறவர். வீடு அந்தப் பெண்ணுடையது, வெளியேறியதும் அவரே! 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் கணவரை அந்த வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லி உத்தரவு கேட்கலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும், கம்பெனிக்கே சொந்தமானாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை மனைவி கோரலாம். அந்த வீடு கணவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த அம்மாவுக்கு முதலில் வேண்டியிருந்தது விவாகரத்து அல்ல, தன் வீட்டுச் சாவி.

அடி உதை இருக்கும் இடத்தில் நான் சமரசம் பேசுவதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், கனிவான வக்கீல் என்றால் “அனுசரித்துப் போம்மா” என்று முதுகைத் தடவி அனுப்பி வைப்பவர் என்று பலர் நினைப்பதுதான். அது கனிவு அல்ல, சோம்பேறித்தனம். பாதுகாப்பு அலுவலரிடம் புகார், நடுவர் நீதிமன்றத்தில் மனு, இரவில் ஏதாவது நடந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண். இவைதான் அங்கே வேலை. முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று குடும்ப வன்முறைச் சட்டமே சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாவாக நீள்வது வேறு கதை. ஆனாலும் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்டுவிடுவேன்.

ஜீவனாம்சம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மலைக்கே உரிய சிக்கல் அதில்தான் இருக்கிறது. இங்கே பாதிப் பேர் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. சிறு தேயிலை விவசாயி தொழிற்சாலைக்குப் பச்சைத் தேயிலை போடுகிறார். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலை ஏறும், இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டும். உறைபனி விழும் ஜனவரியில் செடி கருகும். மனைவி தரப்பு வக்கீல் மே மாதக் கணக்கைக் காட்டுவார், கணவர் தரப்பு வக்கீல் ஜனவரிக் கணக்கைக் காட்டுவார். இரண்டும் உண்மை, இரண்டும் பொய். 2020இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதித்தது எனக்குப் பெரிய உதவி. ஆண்டு முழுவதற்குமான இலைக் கணக்கைக் கேட்கிறேன். எங்கள் பக்கமும் முழுதாகக் கொடுக்கிறேன், கட்சிக்காரர் மாலையில் தையல் வேலை செய்து சம்பாதிப்பது உட்பட.

பிறகு பணம் வரும் விதத்தை யோசிக்கிறேன். ஜனவரியில் கட்ட முடியாத தொகைக்கு உத்தரவு வாங்கினால் நமக்குக் கிடைப்பது பாக்கிதான். பாக்கிக்கு வாரண்ட், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. வேண்டுமென்றே ஏமாற்றுபவருக்கு அது சரியான மருந்து. இல்லாதவரை உள்ளே வைத்தால் தோட்டத்தை யார் பார்ப்பது? ஆகவே சம்மதம் பேசும்போது, மாதத்துக்கு அவர் தாங்கக்கூடிய தொகை, ஜூனில் பள்ளிக் கட்டணம் நேரடியாகப் பள்ளிக்கே, கொழுந்துக் காலத்தில் கூடுதலாக ஒரு தவணை என்று பிரித்து எழுதுகிறேன். “வக்கீலம்மா அந்தாளுக்குச் சாதகமாகப் பேசுகிறாரே” என்ற முணுமுணுப்பு வரும். ஒழுங்காகப் பணம் வர ஆரம்பித்தால் நின்றுவிடும்.

குழந்தையைப் பார்க்கும் உரிமைக்கு எல்லோரும் ஒரே வாசகத்தை எழுதுகிறார்கள்: இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை பத்து மணி. தகப்பன் கூடலூரில், குழந்தை கோத்தகிரியில் என்றால் அந்தப் பத்து மணிக்கு என்ன அர்த்தம்? நவம்பர் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால்? எந்த பஸ், யார் கொண்டுவந்து விடுவது, பாதை அடைபட்டால் அதற்கு ஈடாக எந்த வாரம், வர முடியாத வாரங்களில் எந்த நேரத்தில் வீடியோ அழைப்பு என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குகிறேன். கேட்பவருக்கு அற்பமாகத் தெரியும். இந்த அற்பங்களில்தான் அடுத்த வழக்கு பிறக்கிறது.

மனுவின் மாதிரிப் படிவங்கள் மேல் எனக்குத் தீராத கோபம். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பட்டியல் பழங்குடியினர். மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவே சொல்கிறது. அவர்களுடைய வழக்காறு என்ன என்று முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும். கேட்காமல் கணினியில் இருக்கும் பழைய மனுவில் பெயரை மட்டும் மாற்றித் தட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜீவனாம்சத்துக்கும் வன்முறையிலிருந்து பாதுகாப்புக்கும் அவர்களுக்கு வழி இருக்கிறது. அது வேறு கதவு.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தகுந்த வழக்கில் முடியும், 2017இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. எல்லாம் பேசித் தீர்ந்து, வருடக்கணக்காகப் பிரிந்திருப்பவர்களை இன்னும் ஆறு மாதம் காக்க வைப்பது வதை. நகையும் குழந்தையும் முடிவாகாமலே அவசரப்படுபவர்களுக்கு நான் அந்த மனுவைப் போடுவதில்லை.

ஒன்றைச் சொன்னால் என் வருமானம் குறையும், சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். தாலிக்கொடியை அடகு வைத்து வக்கீல் கட்டணம் கொண்டுவருபவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஒருவர் வந்தார். அவர் மனைவிக்காக நான் நடத்திய வழக்கில் எதிர்த்தரப்பு. இப்போது தம்பியோடு நிலத்தகராறாம். “அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டி எழுதவில்லை மேடம், அதனால்தான் வந்தேன்” என்றார். பழைய வழக்கில் அவருடைய நிலக் கணக்கெல்லாம் என் கோப்பில் இருக்கிறது, ஜீவனாம்சத் தொகை எந்த நாளும் மறுபடி வழக்காகலாம். உங்களுக்கு ஆஜராக முடியாது என்று காரணத்தைச் சொல்லி, நிலவழக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு வக்கீலிடம் அனுப்பிவைத்தேன். கிளம்பும்போது இந்த மாதத் தவணை போட்டுவிட்டதாகவும் சொன்னார். சரிபார்த்தேன், போட்டிருந்தார்.