பெமிற் தொலைந்த திகதி

காணி பெமிற்றின் (அரச காணிக்கான அனுமதிப் பத்திரத்தின்) பிரதி ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதற்கு விண்ணப்பித்த படிவத்தில் இருந்த ஒரு வரியை நினைத்தால் இன்னும் நெஞ்சு கொதிக்கிறது: “ஆவணம் தொலைந்த திகதி, இடம்.”

1996 இல் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது பெமிற் அம்மாவின் தகரப் பெட்டிக்குள் அக்கராயனுக்கு வந்தது. 1998 செப்டெம்பரில் புலிகள் நகரை மீட்டார்கள். ஆனாலும் ஆனையிறவு இராணுவத் தளம் 2000 ஏப்ரலில் விழும்வரை நாங்கள் காணிக்குத் திரும்பவில்லை. சமாதான காலம் முடிந்ததும் தலைக்கு மேல் மறுபடியும் கிபிர் போர் விமானங்கள். 2009 ஜனவரி 2 இல் நகரம் மீண்டும் இராணுவத்திடம் போனபோது நாங்கள் தர்மபுரத்தில் இருந்தோம். அதன் பிறகு விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன். பெட்டி எந்தப் பங்கருக்குள் விடுபட்டது என்று அம்மாவுக்கே தெரியாது.

பிரதேச செயலகக் காணிக் கிளை உத்தியோகத்தர் இதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. “ஒரு திகதி சொல்லுங்கள்” என்றார். பொலிஸில் கிராம அலுவலரின் கடிதம் கேட்டார்கள். கிராம அலுவலர் முதலில் பொலிஸ் முறைப்பாட்டைக் கொண்டு வரச் சொன்னார். வெயிலில் அலைந்து அம்மாவுக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவர்தான் வழி சொன்னார். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, “2009 ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், இடம்பெயர்வின்போது” என்று எழுதச் சொன்னார். பொலிஸ் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த தடை, கந்தோர்ப் பதிவேட்டில் எங்கள் காணி இருந்த பக்கமே இல்லை. கந்தோரும் எங்களைப் போல இடம்பெயர்ந்ததுதானே! ஆனால் சான்று காட்ட வேண்டியவர்கள் நாங்களாம்.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு அண்ணா கடன் எடுப்பதற்காக ஒரு போட்டோப் பிரதியைக் கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. மடிப்பில் மை உதிர்ந்து இலக்கத்தின் கடைசி எண் 3 ஆ 8 ஆ என்று தெரியவில்லை. உத்தியோகத்தர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக் காணிக்காரரின் பெமிற் இலக்கத்தைக் காட்டிய பிறகே 8 என்று எழுதினார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: எல்லைக் காணிக்காரர்களின் பெமிற் பிரதிகளை முதலிலேயே வாங்கி வையுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் முத்திரை குத்திய பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பின்னுரித்தாளர் (பெமிற்காரருக்குப் பிறகு காணிக்கு உரியவர்) பெயர் பதிந்திருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள். எங்களுடையதில் இல்லை; அந்த விண்ணப்பத்தை அடுத்த வாரம் கொடுக்கிறோம்.