"செட் ஆகுங்களா தம்பி?"

ஒரு லாரிக்காரர், சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நாசிலைப் பற்றி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இது செட் ஆகுங்களா தம்பி?" நான் சொன்னது ஒரே வார்த்தை: "ஆகுங்கண்ணா." இரண்டு வருஷமாக இந்த இரண்டு வரியைத்தான் மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது.

சங்ககிரியில் என்னை மாதிரி லாரி பம்ப், நாசில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த ராத்திரியை விளக்க வேண்டியதில்லை. ஆறு சிலிண்டர், பிஎஸ் 3 (புகைக் கட்டுப்பாட்டு விதியின் மூன்றாம் நிலை), காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக பிரஷரில் டீசல் போகும் முறை). மூன்றாவது நாசிலில் ரிட்டர்ன், அதாவது தெளிக்காமல் திரும்பி வரும் டீசல், கொட்டுகிறது. ஜவ்வரிசி லோடு, நாக்பூர் போகணும், தார்ப்பாய் கட்டியாச்சு. அதே நம்பர் நாசில் சேலத்திலும் இல்லை, ஈரோட்டிலும் இல்லை. வர மூன்று நாள். என் அலமாரியில் ஒன்று இருந்தது. அதே இன்ஜினின் பிஎஸ் 4 வண்டிக்கு வாங்கி வைத்தது. நம்பரில் கடைசி இலக்கங்கள் மட்டும் வேறு.

எடுத்து அப்படியே மாட்டிவிடவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீளம் ஒன்று, கிளாம்ப் உட்காரும் இடம் ஒன்று, பக்கவாட்டில் கனெக்டர் வந்து அமரும் கூம்பு ஒன்று. காப்பர் வாஷரை மைக்ரோமீட்டரில் அளந்தேன். வாஷர் தடிமன் மாறினால் நாசில் முனை இறங்கும் உயரம் மாறும். பிஸ்டன் குழிக்குள் விழ வேண்டிய டீசல் லைனரில், அதாவது சிலிண்டரின் உள் சுவரில், விழும். கேட்லாக்கில் முனை நம்பரையும் பார்த்தேன். அந்த நம்பரில் டிஎல்எல்ஏ என்ற எழுத்துகளுக்கு அடுத்து வருவது தெளிக்கும் கோணம். அது இரண்டுக்கும் ஒன்றே. பி எழுத்துக்கு அப்புறம் வருவது வேறாக இருந்தது. அது வெறும் அடையாள எண். ஓட்டை எவ்வளவு பெரிசு என்று அதைப் பார்த்துத் தெரியாது.

நாசிலைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினேன். ஐடில் (ஆக்சிலேட்டர் மிதிக்காத ஓட்டம்), ஃபுல் லோடு, பைலட் (முதலில் தெளிக்கும் சின்ன அளவு), ரிட்டர்ன் எல்லாமே பாஸ். ஹெட்டில் இறக்கி, நாசில் தலையில் பொறித்திருந்த ஐஎம்ஏ கோடை இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மில் அடித்தேன், ஏற்றுக்கொண்டது. ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் ஒரு உதறல் இல்லாமல் ஓடியது. இந்த வரிசையில் சொல்லிக்கொண்டு வரும்போது, நான் செய்ததில் குறையே இல்லை என்றுதான் எனக்கே தோன்றும்.

ஆனால் பெஞ்ச் பாஸ் என்றது எதை வைத்து? நான் அந்தப் புது நாசிலின் நம்பரைத்தான் பெஞ்சில் கொடுத்தேன். அது தன் வகைக்குச் சரியாக இருக்கிறது என்று மட்டும்தான் பெஞ்ச் சொன்னது. ஐஎம்ஏ கோடும் அதே கதைதான். ஒரு நாசில் தன் வகையின் மூல அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அந்தக் கோடு. மூல அளவே வேறு என்றால், அந்தத் திருத்தத்துக்கு என்ன அர்த்தம்? ஈசிஎம் ஏற்றுக்கொண்டதை நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அது சாட்சியே இல்லை.

செய்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது. நன்றாக இருந்த ஐந்தில் ஒன்றைக் கழற்றி, இரண்டையும் ஒரே பிரஷரில், ஒரே நேரத்துக்குத் திறக்கவிட்டு, ஸ்ட்ரோக்குக்கு எவ்வளவு டீசல் விழுகிறது என்று ஒப்பிடுவது. கூடுதலாக ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்போது மணி பதினொன்றரை. அவர் பெஞ்ச் பக்கத்தில், கையில் அந்தப் பழைய நாசிலைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேண்டாம் என்று நினைத்தேன். சோம்பல் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு உதவுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் இதை எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. ஸ்கேனரில் சிலிண்டர் கரெக்‌ஷன் பார்த்தபோது மூன்றாவது மட்டும் மைனஸில் நின்றது. அதாவது, மற்ற ஐந்துக்குச் சமமாக ஓட்ட, ஈசிஎம் அந்தச் சிலிண்டருக்கு டீசலைக் குறைத்துக் கொடுக்கிறது. எச்சரிக்கை வரும் அளவுக்கு இல்லை. பழைய ஐந்துக்கு நடுவே புதுசு போனால் கொஞ்சம் வித்தியாசம் காட்டத்தான் செய்யும், அதுவும் உண்மை. ஆனால் அந்தச் சமன் செய்யும் வேலை ஐடிலில்தான் நடக்கும். தொப்பூர் ஏற்றத்தில் ஃபுல் லோடில் மூச்சுப் பிடித்து ஏறும்போது அதைப் பார்த்துக் குறைத்துக் கொடுக்க யாரும் இல்லை.

ஐம்பது நாள் கழித்து நாக்பூர் பக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மூன்றாவது பிஸ்டன். மண்டையின் விளிம்பு ஒரு பக்கம், மழையில் நனைந்த வெல்லம் மாதிரி கரைந்திருந்தது. லைனரில் கோடு. அங்கே பிரித்த மேஸ்திரி, பிஸ்டனுக்குக் கீழே ஆயில் அடிக்கும் ஜெட் வளைந்திருந்ததாகச் சொன்னாராம். ஜெட் வளைந்தாலே போதும், பிஸ்டன் உருகும். அதற்கு என் நாசில் தேவையில்லை. அந்த நாசிலை அனுப்புங்க, பெஞ்சில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். அங்கேயே தொலைந்துபோய்விட்டதாம். லாரிக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நேரம் சரியில்லை தம்பி" என்றார். இப்போதும் என் கடைக்குத்தான் வருகிறார்.

நான் தொழில் பழகியது பழைய இன்லைன் பம்ப் காலத்தில். அன்று நாசிலுக்கு ஷிம் (மெல்லிய தகடு) போட்டு, 200 பார் பிரஷருக்கு மேல் திறக்கிற மாதிரி செட் பண்ணினால் முடிந்தது. ஒரு வண்டி நாசில் இன்னொரு வண்டியில் ஓடும். 'செட் ஆகும்' என்ற வார்த்தை என் வாயில் ஏறியது அங்கேதான். இன்று 1600 பார். பிஎஸ் 3, பிஎஸ் 4, பிஎஸ் 6 என்று ஒரே இன்ஜினுக்கு ஒவ்வொரு நாசில். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ் 4 வந்தது. வண்டி மாறிவிட்டது, என் வார்த்தை மாறவில்லை. இடத்தில் உட்காருமா என்பதற்கும் வேலைக்கு ஆகுமா என்பதற்கும் நான் ஒரே சொல்லை வைத்திருந்தேன். அவர் இரண்டாவதைக் கேட்டார். நான் முதலாவதற்குப் பதில் சொன்னேன்.

சரி, இதில் பாடம் கற்றுக்கொண்டேன் என்று முடிக்கலாம் என்றால், அதுவும் முடியவில்லை. போன தை மாதம் அதே மாதிரி வண்டி, அதே மாதிரி நம்பர் வித்தியாசம். "ஆகாதுங்க" என்று நானே சொல்லி அனுப்பினேன். அடுத்த கடையில் அதைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து அந்த வண்டிக்காரருக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன். "நல்லா ஓடுதுங்க, மைலேஜும் குறையலை" என்றார். ஸ்கேனரில் அந்தச் சிலிண்டர் கரெக்‌ஷன் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் பார்க்கலீங்க" என்றார். இந்தப் பக்கம் வந்தால் வண்டியை ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க, காசு வேண்டாம், அந்த ஒரு நம்பரை மட்டும் பார்த்துக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.