ஸ்டாப்வாட்ச்

அம்மா நூல் பின்னும் குரோஷா கொக்கி ஊசியைக் கையில் எடுத்ததும், சத்தமில்லாமல் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன்.

ஒரே ஒரு காலர். 3 மணி 40 நிமிடம்.

நடுவில் இரண்டு முறை பிரித்துப் போட்டதும் அதில் சேர்த்தி. என் கண்ணுக்கு ஒரு பிசகும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் கடையில் இதுவரை அதற்குப் போட்ட விலையில் நூல் காசும் ஒரு மணி நேரக் கூலியும்தான் இருந்தன.

சொன்னதும் அம்மாவுக்குக் கோபம். "என்னை நேரம் பார்த்தியா? உங்க பாட்டி கத்துக்கொடுத்தப்போ கடிகாரமா பார்த்தாங்க?"

பாட்டி விற்கவில்லையே அம்மா. சொல்லவில்லை, முழுங்கிக்கொண்டேன்.

ஸ்வெட்டரை எந்திரம் பின்னிவிடும். குரோஷா அப்படியில்லை. ஒரு கண்ணியை முடித்தால்தான் அடுத்தது. ஊசி எங்கே நுழையவேண்டும் என்று விரல்தான் தேடவேண்டும். ஆலைகளிலும் அது இன்னும் கைவேலைதான். அசல் குரோஷா மலிவாகக் கிடைத்தால், யாரோ ஒருவருடைய மணிநேரத்துக்குக் கூலி போகவில்லை என்று அர்த்தம்.

எங்கள் கடையில் அந்த யாரோ, அம்மா.

விலைப்பட்டியலைத் திருத்த உட்கார்ந்தேன். அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பிரிச்சுப் போட்ட நேரத்தைக் கழிச்சிடு. அது என் தப்பு."

சரி என்றேன். கழிக்கவில்லை.