அந்த நான்கு மாதங்கள்

எந்தப் புத்தகம் அட்டை கிழியும்வரை கைமாறுகிறது என்பது பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பள்ளியில் வெகுகாலம் அது ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்'. 2005இல் வந்த நாவல். ஒருத்தி பெயரில் எடுத்து அவள் தோழிகள் எல்லோரும் படிப்பார்கள். பிள்ளைகள் இவ்வளவு உருகுகிறார்களே என்று நானும் ஆசையாகத்தான் எடுத்தேன். பெரிய ஏமாற்றம்.

பதின்ம வயது மயக்கத்தை எழுதியதில் எனக்குக் குறையில்லை. பதினேழு வயதில் ஒருவனைப் பார்த்து நெஞ்சு படபடப்பது பொய்யல்ல. அதைப் பெரியவர்கள் அசட்டுத்தனம் என்று தள்ளும்போது எனக்குக் கோபம் வரும். ஃபோர்க்ஸ் என்ற அந்த மழை ஊரும் புதுப் பள்ளியின் கூச்சமும் நன்றாகவே வந்திருக்கின்றன. பிறகு எட்வர்டு வருகிறான். 1918 ஸ்பானிஷ் ஃப்ளூவில் சாகக் கிடந்து ரத்தக்காட்டேரியானவன். கதாநாயகி பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் நுழைந்து, தூங்குபவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தெரிய வந்ததும் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

என்னை அதிகம் வருத்தியது இரண்டாம் பாகமான 'நியூ மூன்'. அவன் விட்டுப் போனதும் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர்கள் மட்டும். வேறு ஒரு சொல் கிடையாது. இதைப் புதுமை என்று மெச்சுபவர்கள் உண்டு. எனக்கு ஆறவில்லை. மனம் உடைந்த பிள்ளை நூலகத்தைத் தேடி வருவதே அந்த மாதங்களில்தான். மதிய இடைவேளையில் யாரோடும் சேராமல் கடைசி மேசையில் உட்காருவாள். காலையில் எப்படி எழுவது, தோழிகளிடம் என்ன சொல்வது, கணக்குப் பரீட்சையை எப்படி எழுதுவது? இதையெல்லாம் ஒரு கதைப் பெண்ணாவது அவள் முன்னால் வாழ்ந்து காட்ட வேண்டாமா? அந்த நான்கு மாதப் பெல்லாவுக்கு அங்கே ஆசிரியரிடம் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் புத்தகத்தை எடுத்துவிடச் சொன்ன பெற்றோர் உண்டு. நான் எடுக்கவில்லை. பிள்ளைகள் திருப்பித் தரும்போது பேச்சுக் கொடுப்பேன். மூன்றாம் பாகத்தில், பெல்லாவை அவள் நண்பன் ஜேக்கபைப் பார்க்கப் போகவிடாமல் எட்வர்டு அவள் வண்டி எஞ்சினில் ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். கோபத்தில் அவள் ஜன்னலைச் சாத்துகிறாள். பிறகு தானே திறந்து வைக்கிறாள்.

"அவளக் காப்பாத்தத்தானே மிஸ் அப்படிச் செஞ்சான்?" என்றாள் ஒரு பிளஸ் ஒன் மாணவி.

"உன் சைக்கிள் செயின ஒருத்தன் கழட்டி வச்சா?"

"சும்மா விடமாட்டேன்."

"அவன் அழகா இருந்தா?"

அவள் பதில் சொல்லவில்லை. நான்காம் பாகம் இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். படித்து முடித்ததும் வந்து என்னோடு வாதாடச் சொன்னேன்.