20 மில்லிமீட்டர் துளையும் நடுவர்களின் கேள்விகளும்

கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துச் செய்த பந்தயக் காருடன் மோதும் பார்முலா பாரத் போட்டி என்றாலே எல்லோரும் கார் ஓடும் நாளைப் பற்றித்தான் பேசுவார்கள். கோவையை அடுத்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கார் தடத்தில் இறங்குவதற்கு முன்பே ஒரு வாய்மொழித் தேர்வு இருக்கிறது. டிசைன் சுற்று என்பார்கள். மொத்தம் 1,000 மதிப்பெண்ணில் 150 அதற்குத்தான். எங்கள் கல்லூரி அணியில் எஞ்சினுக்குக் காற்று கொண்டுவரும் இன்டேக் என் பொறுப்பாக இருந்தது. அதை ஒட்டி என்ன கேட்பார்கள், எப்படிப் படித்துக்கொண்டு போகலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். சஸ்பென்ஷன்காரர்கள் தங்கள் சீனியர்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் இன்டேக்கை மாற்றுகிறவர்கள் அகலமான குழாய், தடை குறைந்த பில்டர், எஞ்சின் சூடு படாத இடத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்று என்று போவார்கள். அந்த அறிவு இங்கே பாதிதான் உதவும். எஞ்சின் 710 சிசிக்குள் இருக்க வேண்டும். அது குடிக்கும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகப் போக வேண்டும். எரிபொருள் இ85 (எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல்) என்றால் 19 மி.மீ. டர்போ இல்லாத எஞ்சினில் முதலில் மிதிக்கு ஏற்பக் காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில், பிறகு அந்தத் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர், அதன் பிறகுதான் எஞ்சின். ஆகவே பெரிய த்ராட்டில் வாங்கிப் பொருத்தியதை மேசையில் சாதனையாகச் சொல்லாதீர்கள். 20 மி.மீ. துளைக்கு முன்னால் 46 மி.மீ. த்ராட்டில் எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

எங்களிடம் வந்த முதல் உருப்படியான கேள்வி இது: "உங்கள் எஞ்சினுக்கு இந்த ரெஸ்ட்ரிக்டர் உண்மையிலேயே தடையா?" கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இன்டேக் பாடம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நம் ஊர் அணிகள் அதிகம் பயன்படுத்தும் பழைய தலைமுறை கேடிஎம் 390 எஞ்சின் 373 சிசி, ஒற்றை சிலிண்டர். 9,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 75 முறை காற்றை இழுக்கிறது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிறைவதாக வைத்துக்கொண்டால் நொடிக்கு 28 லிட்டர், எடையில் சுமார் 33 கிராம். துளையின் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் பாய்வு கூடாது. 20 மி.மீ. துளைக்கு அந்த உச்சவரம்பு நொடிக்கு ஏறக்குறைய 74 கிராம். தேவை 33, வரம்பு 74. அப்படியானால் தடையே இல்லையே?

பெரும்பாலான அணிகள் இந்த இடத்தில்தான் விழிக்கின்றன. 33 என்பது சராசரி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றில் மட்டுமே காற்றை இழுக்கிறது. அந்தக் கால்பங்கு நேரத்தில் பாய்வு நான்கு மடங்காகி 130 கிராமைத் தாண்டுகிறது. வரம்பு அங்கேதான் இடிக்கிறது. ரெஸ்ட்ரிக்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பிளீனம் என்ற காற்றறையை வைப்பது இதற்காகத்தான். மோட்டார் சீராக ஏற்றிக்கொண்டிருக்க, திறக்கும்போது மட்டும் தண்ணீர் வேகமாக இறங்குகிற மேல்நிலைத் தொட்டியின் வேலையை அது செய்கிறது. நான்கு சிலிண்டர் 600 சிசி எஞ்சின் 12,000 ஆர்பிஎம்மில் ஓடினால் அதன் சராசரியே 71 கிராமுக்கு வந்துவிடும். ஆனால் அதன் சிலிண்டர்கள் மாறி மாறி இழுப்பதால் பாய்வில் ஏற்ற இறக்கம் குறைவு. அந்த எஞ்சினுக்காக எழுதிய கட்டுரையிலிருந்து பிளீனம் கொள்ளளவை அப்படியே எடுத்து ஒற்றை சிலிண்டருக்கு வைத்தால் நடுவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிளீனம் பெரிதானால் குதிரைத்திறன் கூடும். ஆனால் த்ராட்டில் அதற்கு முன்னால் இருப்பதால், ஓட்டுநர் மிதித்த பிறகு அறை நிறையும் வரை கார் யோசிக்கும். வளைவுகள் நெருங்கி வரும் தடத்தில் இது எரிச்சலூட்டும். எங்கள் ஓட்டுநர் பெரிய பிளீனத்தை ஓட்டிவிட்டு வந்து ஒரே வார்த்தையில் திட்டினார். அடுத்ததைச் சிறிதாக்கினோம். எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் உச்சத் திறன் குறைந்தது, தடத்தில் ஒரு சுற்றுக்கான நேரமும் குறைந்தது. அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் நடுவர் பேனாவை எடுத்தார்.

ரெஸ்ட்ரிக்டரின் விரியும் பகுதிக்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். மையக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு 3.5 பாகைச் சாய்வில் 20 மி.மீ. 40 ஆக விரிய ஏறத்தாழ 163 மி.மீ. நீளம் வேண்டும். 7 பாகையில் பாதி நீளம் போதும், ஆனால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து அழுத்தம் வீணாகும். இடம் இருந்தால் எல்லோருமே நீளமாகத்தான் வைப்பார்கள். ஆனால் கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உருள் வளையத்துக்கும் டயர்களுக்கும் இடையே விதி வரையும் எல்லைக்குள் மொத்த இன்டேக்கும் அடங்க வேண்டும். எந்தக் கோணத்தைத் தேர்ந்தீர்கள் என்பதோடு, எது இடித்ததால் அதைத் தேர்ந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

பிளீனத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயான ரன்னரின் நீளத்துக்கும் இப்படித்தான். 7,000 ஆர்பிஎம்மில் இன்டேக் வால்வு ஏறத்தாழ 6 மில்லி நொடி திறந்திருக்கும். அந்த நேரத்தில் அழுத்த அலை சுமார் 2 மீட்டர் ஓடும். எஞ்சினுக்குள் வால்வு வரை போகும் வழியான போர்ட்டையும் சேர்த்து 30 செ.மீ. குழாயில் அது மூன்று முறைக்கு மேல் போய்த் திரும்பிவிடும். வால்வு மூடுவதற்குச் சற்று முன் வந்து சேரும் அலை கூடுதல் காற்றைத் தள்ளிவிடுகிறது. நீளமான குழாய் டார்க்கின் (முறுக்குவிசையின்) உச்சத்தைக் கீழ் ஆர்பிஎம்முக்கு இறக்கும், குட்டையானது மேலே ஏற்றும். கார் எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் ஓடுகிறது என்று உங்கள் பதிவுத் தரவிலிருந்து காட்டாமல் நீளத்தைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம். சிமுலேஷன் படங்களை வண்ண வண்ணமாக அச்சடித்துச் சுவரொட்டியில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதே புள்ளியில் அளந்த அழுத்தம் ஒன்று பக்கத்தில் இருந்தால் அந்தப் படத்துக்கு மதிப்பு வரும்.

படிக்கும் முறை என்று பார்த்தால், முதலில் கால்குலேட்டரும் காகிதமும் போதும். ஜிடி பவர், ரிக்கார்டோ வேவ் போன்ற சிமுலேஷன் மென்பொருள் எல்லாம் பிறகு. அணியில் இன்டேக்கைத் தொடாத ஒருவரை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு எண்ணுக்கும் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எலக்ட்ரிக்கல் பிரிவுக்காரர்கள் இதற்கு மிகவும் பொருத்தம், விடமாட்டார்கள்.

டிசைன் மேசையில் சொன்னதைத் தொழில்நுட்பப் பரிசோதனையிலும் நிரூபிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ரெஸ்ட்ரிக்டரின் வாயை அடைப்பார்கள். எஞ்சின் அணைந்துவிட வேண்டும், அணையாவிட்டால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். முப்பரிமாண அச்சில் செய்த பிளீனத்தில் அடுக்குகளுக்கு இடையிலேயே கசியும். உள்பக்கம் எபாக்சி பூசி, இன்ஜெக்டர் உட்காரும் இடத்திலும் சென்சார் துளையிலும் ஓ-ரிங்கைப் பார்த்துவிட்டு, இந்தச் சோதனையைக் கல்லூரிப் பட்டறையிலேயே எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் செய்துவிடுங்கள். குளிர்ந்திருக்கும்போது அடைபட்டிருக்கும் இணைப்பு சூட்டில் பிளாஸ்டிக் நெளிந்ததும் வாய் திறக்கும்.