கட்டு மாற்றும் அறையில் யோவான் 13

சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்களுக்குக் கட்டு மாற்றுவது என் வேலை. நின்றுகொண்டு இதைச் செய்ய முடியாது. சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, குனிந்தால்தான் பாதத்தின் அடி தெரியும். பலருக்குப் பாதத்தில் உணர்ச்சியே இருக்காது. உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை அது வளையும்வரை அழுத்தினாலும் 'ஒண்ணும் தெரியலையே' என்பார்கள். செருப்புக்குள் கிடந்த கல்லோடு நாள் முழுக்க நடந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரம், பெரிய வியாழன் ஆராதனையில் சின்ன வயதிலிருந்தே கேட்ட அதிகாரம்தான். ஆனால் அதன் ருசியைக் காட்டியவர் எங்கள் வார்டு ஆயாம்மா. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். இரவுப் பணியில் வேலை ஓய்ந்த பிறகு இருவருமாக இரண்டு மூன்று வசனம் வாசிப்போம். ஒரு நாள் விரலை வரியிலேயே வைத்துக்கொண்டு, "பாருங்க சிஸ்டர், சீலையை அவரே கட்டிக்கிறாரு, தண்ணியும் அவரே ஊத்துறாரு, எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் இல்ல. கழுவிட்டுத் துடைச்சும் விடுறாரு" என்றார். பகலெல்லாம் பேசினும் துண்டும் எடுத்துக்கொடுக்கிறவர் கண்ணில்தான் அது பட்டது.

விரலிடுக்கில் ஈரம் நின்றால் பூஞ்சை வரும், ஒத்தியெடுங்கள் என்று தினமும் சொல்கிறவள் நான். கர்த்தரும் துடைத்துவிட்டார் என்று கேட்டதும் மனசு அப்படிப் பூரித்தது. எத்தனையோ பிரசங்கங்களில் கிடைக்காத சந்தோஷம் அது.

இன்னொன்று. யூதாஸ் எழுந்து வெளியே போவது 30-ஆம் வசனத்தில்தான். அப்படியென்றால் கழுவப்பட்ட கால்களில் அவனுடைய கால்களும் இருந்தன. தம்மைக் காட்டிக்கொடுப்பவன் யாரென்று தெரிந்தே குனிந்தார். விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன கோபத்தை எங்கள்மேல் கொட்டுகிற நோயாளிகள் இருக்கிறார்கள். பாவம், பயம்தான் அப்படிப் பேசவைக்கிறது. அவர்கள் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போடும்போது இந்த வசனம்தான் எனக்குத் துணை.

தாழ்மை என்றால் முகம் வாடிய ஒரு கடமை என்று சபைகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கழுவி முடித்துத் திரும்ப உட்கார்ந்தவர், "இவைகளைச் செய்வீர்களானால், பாக்கியவான்களாயிருப்பீர்கள்" என்றுதான் சொன்னார்.

இப்போது சங்கீதம் 119 தொடங்கியிருக்கிறோம். 176 வசனங்கள், எட்டெட்டாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு இரவுக்கு ஒரு எட்டு என்று நான் நினைத்திருந்தேன். ஆயாம்மா இன்னும் 5-ஆம் வசனத்திலேயே நிற்கிறார்: "என் நடைகள் ஸ்திரப்பட்டால் நலமாயிருக்கும்." எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டு நடந்து பழகுகிற ஆறாவது படுக்கைத் தாத்தாவுக்கும் இதையே ஜெபமாகச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கிறோம்.